ஸ்லீவா, பைபாஸா: வெட்டித் தைத்த பிறகு குடல் என்ன ஆகிறது?

செல்லூர் மச்சானுக்கு 130 கிலோ, சுகர் வேறு. எடை குறைக்க இரைப்பை ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது, ஸ்லீவா பைபாஸா என்பதுதான் பாக்கி. எத்தனை கிலோ குறையும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், வெட்டித் தைத்த பிறகு குடல் என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் பேச்சைக் காணோம். மனிதரை மறுபடி திறந்து பார்க்க முடியாதே, அதனால் கொழுப்புத் தீனி போட்டுக் குண்டாக்கிய எலிகளுக்கு அதே ஆபரேஷன்களைச் செய்து, குடலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி விட்டுவிடுவார்கள். குடலில் கத்தியே படாது. பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, சிறுகுடலை வெட்டி, கீழ்ப்பக்கத்து முனையை மேலே இழுத்து அந்தப் பையோடு தைப்பார்கள். சாப்பாடு புது வழியில் வரும், பித்தமும் கணைய நீரும் பழைய வழியிலேயே வந்து கீழேதான் சேரும்.

நம்ம மதுரை பைபாஸ் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வராமல் போக என்று போட்ட காளவாசல் - பழங்காநத்தம் ரோடு இன்று எப்படி வீங்கிக் கிடக்கிறது! எலிக் குடலிலும் அதேதான்: சாப்பாடு நேராக வந்து விழுகிற புதுப்பாதை தடித்துவிடுகிறது, குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் மாதிரி நீட்சிகள்) நீளுகின்றன, ஹார்மோன் செல்களும் எண்ணிக்கையில் கூடுகின்றன. சாப்பாடு வராத பித்தப் பாதை அப்படி வளரவில்லை. இப்படி வளரச் செலவு வேண்டுமே, அதற்கு அந்தக் குடல் ரத்தத்திலிருந்தே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. குளூட்-1 என்ற கடத்திப் புரதம் அங்கே கூடுவதை 2013ல் 'சயின்ஸ்' இதழில் வந்த எலி ஆய்வு காட்டியது. சுகர் இறங்குவதற்கு எடை குறைவது மட்டும் காரணமில்லை என்பது இதில் தெரிகிறது, எனக்கு இந்த அலசலிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஸ்லீவ் எலிகளில் இந்த வீக்கம் இல்லை. 2016ல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வில், ஸ்லீவ் எலிகளுக்குக் குடல் தடிக்காமலே இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் பெருகியிருந்தன, சாப்பாட்டிலிருந்து சர்க்கரை உறிஞ்சுவதும் குறைந்திருந்தது. பசி ஹார்மோன் கிரெலின் சுரக்கும் இரைப்பைப் பகுதியில் பெரும்பங்கும் வெட்டோடு போய்விடுகிறது. ஆக, பைபாஸில் உள்ளே வந்த சர்க்கரையைக் குடலே செலவழிக்கிறது, ஸ்லீவில் உள்ளே விடுவதையே குறைக்கிறது.

எலியை அப்படியே மச்சானாக நினைத்துவிடவும் கூடாது. எலிக்கு வாந்தி எடுக்க வராது, பித்தப்பை கிடையாது, இரைப்பையின் மேல்பகுதி சுரப்பிகளே இல்லாத வெறும் சேமிப்புக் கிடங்கு.

சுகருக்காக என்றால் என் ஓட்டு பைபாஸுக்கு. ஆனால் அதில் முன்சிறுகுடல் பக்கமே சாப்பாடு போகாது என்பதால் இரும்பு, கால்சியம், பி12 மாத்திரைகளை ஆயுசுக்கும் போட வேண்டும், மச்சானோ காய்ச்சல் மாத்திரையையே பாதியில் நிறுத்துகிற ஆள். ஸ்லீவிலும் மாத்திரை உண்டு, பைபாஸ் அளவுக்குப் பயமில்லை, அதற்குப் பதில் நெஞ்செரிச்சல் தொல்லை வரலாம்.

இவ்வளவும் சொன்னேன். "அந்த எலிக அப்புறம் நல்லா சாப்பிட்டுச்சா மாப்ள?" என்று கேட்டார். பைபாஸ் எலிகள் கொழுப்புத் தீனியை ஒதுக்கிவிட்டுச் சாதாத் தீனிப் பக்கம் சாய்ந்ததைச் சொன்னேன். கறிதோசையை நினைத்திருப்பார் போல, "அப்ப ஸ்லீவே போதும்" என்றார். ஸ்லீவ் எலிகளும் அப்படித்தான் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.