துப்பாக்கி விளையாட்டு கிளானின் அரசியல் அறை: ஐந்துக்கு மூன்றரை

பதினாலு மாதமாக ஒரு துப்பாக்கி விளையாட்டு கிளானின், அதாவது ஆன்லைனில் சேர்ந்து ஆடும் ஒரு குழுவின், டிஸ்கார்ட் அரட்டை சர்வரில் இருக்கிறேன். கிளான் பெயரைச் சொல்லப்போவதில்லை, கீழே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. விளையாட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் எழுத வந்தது அந்த சர்வரின் அடிமட்டத்தில், ரோல் என்ற அனுமதி வாங்கினால் மட்டும் கண்ணில் படுகிற அரசியல் சேனலைப் பற்றி. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள், நான் இல்லை. அரசியல் என்று போர்டு போட்டிருந்தாலும் பாதி நாள் துப்பாக்கிக் கட்டுப்பாடுதான் ஓடும். நாள் முழுக்கத் திரையில் சுட்டுக்கொண்டிருப்பவர்கள் ராத்திரி உட்கார்ந்து நிஜத் துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம், யார் கூடாது என்று அடித்துக்கொள்வதைப் பார்க்க முதலில் எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

உள்ளே போக மூன்று விதி. கிளானோடு சேர்ந்து குறைந்தது இருபது மேட்ச் ஆடியிருக்க வேண்டும். சேனலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பதிவுதான் போடலாம், ஸ்லோ மோடு. மேட்ச் நடக்கும்போது மைக்கில் அரசியல் பேசக்கூடாது. மூன்றாவதை யாரும் மதிப்பதில்லை, அதை விடுங்கள். முதல் இரண்டையும் யோசித்துப் போட்டவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

இருபது மேட்ச் ஆடிவிட்டால் எதிராளியின் குரல் தெரிந்துவிடுகிறது. யார் ஓடிவந்து தூக்கிவிடுவார், யார் லூட்டைப் பொறுக்கிக்கொண்டு நம்மை அம்போவென்று விட்டுவிட்டுப் போவார் என்பது தெரியும். அப்புறம் அவரை முட்டாள் என்று எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது.

டெக்சாஸ்காரர் ஒருவர் இருக்கிறார். அவரோடு மூன்று நாளாக மேகசின், அதாவது துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் பெட்டி, அதன் அளவு பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கலிபோர்னியாவில் ஒரு மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அது நியாயம்தான், வீட்டைக் காக்க 30 எதற்கு என்பது என் கட்சி. நான்காம் நாள் இரவு கடைசி வட்டத்துக்குள் நிற்கிறோம், என் துப்பாக்கி காலி, வேறு வழியில்லாமல் மைக்கில் "அம்மோ இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் என் காலடியில் ஒரு பொட்டலம் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் எண்ணி 10 தோட்டா. ஸ்குவாடே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பத்தை வைத்தே ஒருவனைச் சாய்த்தேன். பத்தே போதும் என்பதற்கு அது சாட்சியா, அடுத்தவன் வந்து என்னைச் சாய்த்துவிட்டதால் பத்து போதாது என்பதற்குச் சாட்சியா என்று இன்னும் தகராறு ஓடுகிறது.

சரி, அங்கே என்ன கிடைக்கிறது? செய்தியில் கேட்டால் மண்டையில் நிற்காத சட்ட விவரம் இங்கே நிற்கிறது, ஏனென்றால் யாரோ ஒருவர் அதை வைத்து நம்மை மடக்கிவிட்டுப் போகிறார். துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் ஃபார்ம் 4473 என்ற விண்ணப்பத்தைக் கேள்வி கேள்வியாக விளக்கி எழுதினார். உரிமம் உள்ள கடையில் வாங்குகிற எவரும் அதை நிரப்ப வேண்டும். இந்தத் துப்பாக்கி உண்மையில் உனக்குத்தானா என்று அதில் ஒரு கேள்வி, இன்னொருவனுக்காக வாங்கிக்கொண்டு ஆமாம் என்று எழுதினால் அதுவே குற்றம். பிறகு எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை, 1998இலிருந்து இருப்பது. பதில் மூன்றில் ஒன்று: கொடுக்கலாம், கொடுக்காதே, பொறு. இந்த "பொறு"வில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று வேலை நாள் கழிந்தும் பதில் வரவில்லை என்றால், மாநிலச் சட்டம் தடுக்காத இடத்தில், கடைக்காரர் விற்கலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி போனது இந்த ஓட்டை வழியாகத்தான். உரிமம் இல்லாத தனியாள் தன் மாநிலத்துக்குள்ளேயே இன்னொரு தனியாளுக்கு விற்றால் கூட்டாட்சிச் சட்டப்படி இந்தச் சோதனையே கிடையாது, சில மாநிலங்கள் மட்டும் தனியாகக் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன. இதையெல்லாம் எழுதியவர் கட்டுப்பாட்டை எதிர்க்கிற கட்சி. எழுதி முடித்து, "இப்போது திட்டுங்கள், விவரம் தெரிந்து திட்டுங்கள்" என்றார். அந்த ஒரு பதிவுக்காகவே ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சீட்டுக்கட்டு மாதிரி வீசுவார்கள். 1791இல் வந்த, அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் ஒரே வாக்கியம், அதில் முதல் பாதி மக்கள் படையைப் பற்றி, இரண்டாம் பாதி மக்களின் உரிமையைப் பற்றி. நீங்கள் எந்தக் கட்சியோ அந்தப் பாதி மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். 2008இல் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இது தனிமனித உரிமை என்று தீர்ப்பானது. அதே தீர்ப்பில் இந்த உரிமைக்கு எல்லை உண்டு, குற்றவாளிகளுக்கான தடையும் பள்ளிக்கூடம் போன்ற இடங்களுக்கான தடையும் செல்லும் என்று நீதிபதி ஸ்கேலியா எழுதியிருப்பதை உரிமைக் கட்சிக்காரர்கள் எடுத்துப் போடவே மாட்டார்கள். கட்டுப்பாடு கேட்கும் நம் பக்கமும் ஒழுங்கில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு வரலாற்றில் முன்னுதாரணம் வேண்டும் என்ற 2022இன் ப்ரூயன் தீர்ப்பைத் திட்டுபவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்று கேட்டேன், ஒரே ஒரு கை தூக்கும் எமோஜி வந்தது, அதுவும் கிண்டலுக்கு.

எனக்கு மிகவும் பிடித்த விவரம் இதே ஸ்கேலியாவைப் பற்றியதுதான். வன்முறை வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை 2011இல் ஏழுக்கு இரண்டு என்று உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்ததே, அந்தத் தீர்ப்பை எழுதியவரும் அவர்தான். துப்பாக்கி விஷயத்தில் அவரை வைதுகொண்டே, கேம் விஷயத்தில் அவர் புண்ணியத்தில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறோம். இதை நான் போட்ட அன்று இரண்டு கட்சியும் என் மேல் பாய்ந்தது.

கேம் மேல் பழி வந்தால் மட்டும் கட்சியே கிடையாது, எல்லோரும் ஒரே ஸ்குவாட். 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு டூம் என்ற சுடும் விளையாட்டு மேல் பழி விழுந்தது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் செத்த அடுத்த வாரம் துப்பாக்கி உரிமைக்காக நிற்கும் தேசிய ரைபிள் சங்கத்தின் தலைமை ஆள் கேம்களைக் கை காட்டினார். 2019 ஆகஸ்டில் எல் பாசோவிலும் டேட்டனிலும் நடந்த துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு வால்மார்ட் தன் கடைகளில் வன்முறை கேம்களின் விளம்பரத் திரைகளை அணைக்கச் சொன்னது, அதே கடைகளில் வேட்டைத் துப்பாக்கி விற்பனை அப்போதும் நடந்தது. இதைச் சொல்லாமல் எங்கள் சேனலில் ஒரு மாதம் போகாது. ஜப்பானும் தென் கொரியாவும் அமெரிக்காவைவிடக் குறைவாகவா ஆடுகின்றன, அங்கே ஏன் இப்படி இல்லை என்ற கேள்வியும் கூடவே வரும், நல்ல கேள்விதான். ஆனால் அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2020 தீர்மானத்தை எல்லோரும் பாதிதான் எடுத்துப் போடுகிறார்கள். கேமையும் நிஜ வன்முறையையும் முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்றது உண்மை. கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்ற ஆக்ரோஷத்தோடு சிறிய தொடர்பு உண்டு என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. எங்கள் வாய்ஸ் சாட்டை ஒரு மணி நேரம் கேட்டால் அதற்கு வேறு ஆதாரமே தேவைப்படாது.

இனி குறைகள். முதலாவது, இந்த கிளிப், மேகசின் போலீஸ்காரர்கள். கிளிப் என்பது தோட்டாக்களைக் கோர்த்து வைக்கும் பட்டை, வேறு சாமான்; யாராவது மேகசின் என்பதற்குப் பதில் கிளிப் என்று எழுதிவிட்டால் போதும், அவர் வாதம் முழுக்கக் குப்பைக்குப் போகும். ஏஆர் 15 என்ற ரைபிளின் பெயரில் உள்ள ஏ என்பது அசால்ட் இல்லை, ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயர் என்று ஒருவர் வகுப்பெடுப்பார். சரிதான் ஐயா, தெரிந்துகொண்டேன், ஆனால் கேட்ட கேள்வி பதினெட்டு வயதுப் பையன் அதை வாங்கலாமா என்பது. இதில் பெரிய கூத்து, இப்படித் திருத்துகிறவர்களில் பாதிப்பேர் நிஜத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, எல்லாம் விளையாட்டில் ஆயுதம் தேர்ந்தெடுக்கும் லோட்அவுட் திரையில் பொறுக்கிய ஞானம். எந்தத் துப்பாக்கி எவ்வளவு உதைக்கும் என்று மவுஸை வைத்துக்கொண்டு சொல்வார்கள். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவர் எங்களோடு ஆடுகிறார், இந்தப் பேச்சு வந்தாலே அவர் மைக்கை மியூட் செய்துவிடுவார்.

இரண்டாவது எனக்கு வலித்தது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டு, நாம் ஏன் எப்போதும் ஏஆர் 15 பற்றியே பேசுகிறோம், வீட்டு அலமாரியில் இருக்கும் கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார். மேகசின் சண்டைக்கு இருநூறு பதிவு வந்த சேனல் அது. அவருக்கு வந்தது நான்கு, அதில் ஒன்று மீம். அன்று ராத்திரி லாபியில் மேட்சுக்குக் காத்திருந்தபோது, சேனலில் எப்போதும் உரிமைக்குக் கொடி பிடிக்கும் ஒருவர், விவாகரத்து ஆன வருஷம் தன் துப்பாக்கிகளை எல்லாம் அண்ணன் வீட்டில் கொடுத்து வைத்திருந்ததாகச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மேட்ச் தொடங்கிவிட்டது. சேனலில் வந்திருக்க வேண்டிய பதிவு அது, அவர் அங்கே எழுதவே இல்லை.

இன்னொரு பையன், பள்ளிக்கூடக் கடைசி வருஷம். எங்கள் கிளானில் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே சுடுபவன் அவன்தான், மூலையில் பதுங்கி கேம்ப் அடிப்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவான். ஏண்டா இப்படி ஓடுகிறாய் என்று ஒருநாள் கேட்டதற்கு, பள்ளியில் யாராவது சுட வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடக்கும், விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டு எல்லோரும் மூலையில் சத்தம் போடாமல் உட்கார வேண்டும், ஒன்றாம் வகுப்பிலிருந்து மூலையில் உட்கார்ந்தாயிற்று, இங்கேயாவது ஓடுகிறேன் என்றான். டெக்சாஸ்காரரும் அப்போது லைனில் இருந்தார். அன்று மூன்றாவது விதியை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

மூன்றாவது குறை நிர்வாகத்தின் மேல். எங்காவது பெரிய துப்பாக்கிச் சூடு நடந்தால் மாடரேட்டர்கள் ஸ்லோ மோடை ஆறு மணி நேரத்துக்கு ஏற்றுவார்கள், அதற்கு மேல் டிஸ்கார்டில் ஏற்ற முடியாது. அது சரியான வேலை. பிணம் எடுக்கும் முன்பே புள்ளிவிவரம் போடுகிற ஆட்கள் இரண்டு பக்கமும் உண்டு, ஆறு மணி நேரத்தில் கொஞ்சம் சூடு இறங்கும். ஆனால் போன முறை சண்டை முற்றியதும் ஒருவர் பூட்டுவதற்குப் பதிலாக முழு த்ரெட்டையே, அந்த உரையாடல் தொடர் மொத்தத்தையும், அழித்துவிட்டார். திட்டு மட்டுமா போனது? அந்த 4473 விளக்கம், அதற்கு வந்த எழுபது கேள்விகள், கடைக்காரர் பொறுமையாகச் சொன்ன பதில்கள், எல்லாம் போச்சு. பூட்டி வைத்தால் பழையதைப் படிக்கவாவது முடிந்திருக்கும். கேட்டதற்கு "சர்வர் கேமுக்குத்தான்" என்று ஒற்றை வரி பதில். அப்படியானால் சேனலைத் திறந்தே இருக்கக்கூடாது. கடைக்காரர் அதற்குப் பிறகு அரசியல் பக்கம் வருவதில்லை, மேட்சுக்கு மட்டும் வருகிறார்.

நான் வெளிநாட்டான் என்பதால் "உன் நாட்டைப் பார்த்துக்கொள்" என்பதும் மாதம் ஒருமுறை வரும். கிளானில் இன்னொரு தமிழ்ப் பையன் இருக்கிறான், அமெரிக்காவில் படிக்கிறான், முதல் தடவை நான் கொதித்தபோது தனியாக மெசேஜ் போட்டு, "அண்ணா, ஸ்லோ மோடு முடியட்டும், அதுக்குள்ள உங்களுக்கே கோபம் போயிடும்" என்றான். போய்த்தான்விட்டது. இதில் அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியா 1996இல் போர்ட் ஆர்தரில் நடந்த படுகொலைக்குப் பிறகு துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியதை நான் எடுத்தாலே, அங்கே இரண்டாவது திருத்தம் இல்லையே என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதற்கு என்னிடம் இன்னும் உருப்படியான பதில் இல்லை.

யாருக்குச் சொல்வேன்? விளையாட்டும் பிடிக்க வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருக்கவும் பொறுமை வேண்டும், அப்படிப்பட்டவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். வாதத்தில் ஜெயிக்க வருகிறவர்களுக்கு வேண்டாம், பதினாலு மாதத்தில் யாரும் கட்சி மாறி நான் பார்க்கவில்லை. காசு கிடையாது, நேரம் மட்டும் போகும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டெக்சாஸ்காரர் என்னை டேக் செய்து ப்ரூயன் தீர்ப்பைத் தூக்கிப் போட்டிருக்கிறார், வரலாற்றில் இல்லாத கட்டுப்பாடு செல்லாது என்று. என்னிடம் 2024இன் ரஹிமி தீர்ப்பு இருக்கிறது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவுக்கு உள்ளானவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று, அந்த ஒரே மறுப்பு ப்ரூயனை எழுதிய அதே நீதிபதி தாமஸ். பதிலை டைப் செய்து வைத்துவிட்டேன். அனுப்ப இன்னும் நாற்பது நிமிடம் காட்டுகிறது. அதுவரை ஒரு மேட்ச் வருகிறாயா என்று அவரே கூப்பிடுகிறார்.