"அப்பா அமைதியாயிட்டாருங்க": ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஐந்து மாதங்கள்

டிமென்ஷியா எனப்படும் மறதி நோயால் பாதிக்கப்பட்ட என் தந்தையை, கோயம்புத்தூர்ப் புறநகரில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஐந்து மாதங்கள் தங்கவைத்திருந்தோம். அறைகளின் தூய்மை, நேரம் தவறாத உணவு, வழுக்காத தரை ஆகிய எதிலும் குறை சொல்ல இடமில்லை. முகம் சுளிக்காமல் அவரைக் குளிப்பாட்டிய பணியாளர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். என் குறையெல்லாம் அங்கே மருந்து கொடுக்கப்படும் முறையைப் பற்றியதுதான்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மாலையானால், இரண்டாம் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று தூக்குப்போசியைக் கேட்டு வாசலுக்குப் போவார். வீட்டில் இருந்தவரை, ஒரு நூல்கண்டைக் கையில் கொடுத்தால் சுற்றிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். இல்லத்தில் சேர்ந்த மூன்றாம் வாரத்தில் அவர் இரவில் கத்தத் தொடங்கியதாகச் சொன்னார்கள். அடுத்த முறை நான் போனபோது, தாடை மார்பில் படியும்படி தலை தொங்கிக் கிடந்தார். வாயில் ஊற்றிய காபியை விழுங்கத் தெரியாமல் வைத்திருந்தார், அது சட்டையில் வழிந்தது. "அப்பா இப்ப ரொம்ப அமைதியாயிட்டாருங்க" என்று பொறுப்பாளர் மகிழ்ச்சியோடுதான் சொன்னார். பிறகு காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கத் தொடங்கியவர், ஒருநாள் குளியலறையில் விழுந்து நெற்றியில் நான்கு தையல் போடும்படி ஆயிற்று. மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகே, அவருக்கு தினமும் இருவேளை ரிஸ்பெரிடோன் கொடுக்கப்பட்டு வந்தது தெரிந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், குவெட்டியாபின் முதலியவை மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான மருந்துகள். மறதி நோயுள்ள முதியோரிடம் நடத்தப்பட்ட 17 ஆய்வுகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தொகுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பத்து வாரங்களில் இவ்வகை மருந்து உண்டவர்களில் சுமார் 4.5 விழுக்காட்டினரும் ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களில் சுமார் 2.6 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். பெரும்பாலும் இதயக் கோளாறு அல்லது நிமோனியா போன்ற தொற்று. 2005இல் கட்டமிட்ட எச்சரிக்கையாக, அதாவது மருந்தின் குறிப்புத்தாளில் கட்டத்துக்குள் அச்சிடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கையாக, விடுக்கப்பட்ட இது, 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பக்கவாதமும் கீழே விழுவதும் தனி அபாயங்கள். லூயி பாடி எனப்படும் புரதத் திரள்கள் மூளையில் படிவதால் வரும் வகை மறதி நோயாளிகளுக்கோ இம்மருந்துகள் இன்னும் கடுமையான தீங்கு செய்யக்கூடும்.

அப்பாவை நாங்கள் அழைத்துச் சென்று காட்டிய முதியோர் நல மருத்துவர் முதலில் எழுதிக்கொடுத்தது சிறுநீர்ப் பரிசோதனைதான். தொற்று இருந்தது. வலியைச் சொல்லத் தெரியாத மனிதர் கத்தியிருக்கிறார். அந்தக் கத்தலை மட்டும் அடக்கியிருக்கிறார்கள். தொற்றுக்கு மருந்து கொடுத்து, ரிஸ்பெரிடோனைப் படிப்படியாகக் குறைத்தார். நாமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில், வேறு வழிகள் பலிக்காதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு இம்மருந்து தேவைப்படலாம் என்பதை நான் மறுக்கவில்லை. பிரிட்டனில் அல்சைமர் நோயாளிகளின் தீவிரமான, தொடர்ச்சியான மூர்க்கத்துக்கு ரிஸ்பெரிடோன் ஆறு வாரம் வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கோ பதினொரு வாரம், ஒரு மறுபரிசீலனைகூட இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள்.

இனி குடும்பத்தாரின் ஒப்புதலோடுதான் இம்மருந்துகளைத் தொடங்குவோம் என்று நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேட்டேன், இன்னும் வரவில்லை. உடல் தளர்ந்த, நினைவு தெளிவாக உள்ள பெரியவர்களுக்கு இந்த இல்லத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மறதி நோயாளிகளைச் சேர்க்க நினைப்பவர்கள், மருந்துப் பதிவேட்டை வாரந்தோறும் பார்க்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.