எண் புதிர் பழக ஒரு நல்ல களம்: சைமன் டேத்தம் புதிர்த் தொகுப்பு

எண் புதிர்ச் செயலிகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. திறந்ததும் விளம்பரம், மூலையில் ஓடும் கடிகாரம், மூன்று தப்பு செய்தால் ஆட்டம் முடிந்தது என்ற மிரட்டல், ஒரு நாள் தவறினால் நினைவூட்டல். புதிருக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எண் புதிர் தருகிற பலன் ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது: "இந்தக் கட்டத்தில் இந்த எண்ணைத் தவிர வேறெதுவும் வர முடியாது" என்று காரணம் தெரிந்து எண் வைப்பது. ஊகித்து நிரப்பினாலும் கட்டம் நிரம்பிவிடும். யோசிக்கிற வேலை மட்டும் நடக்காது. அந்த வேலைக்குத் தொந்தரவில்லாமல் இடம் கொடுப்பது எது என்று தேடினால், சைமன் டேத்தமின் புதிர்த் தொகுப்பைத் தயங்காமல் முதலில் வைக்கலாம்.

கணினிக்காரர்களுக்குப் பரிச்சயமான 'புட்டி' மென்பொருளை எழுதியவர்தான் டேத்தம். 2004 முதல் வளர்ந்துவரும் இந்தத் தொகுப்பில் இப்போது ஏறக்குறைய நாற்பது புதிர் வகைகள் இருக்கின்றன. எம்ஐடி உரிமத்தில் வருகிற திறந்த மூல மென்பொருள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவ விருப்பமில்லாதவர்கள் உலாவியிலேயே ஆடலாம். ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் வேறு நிரலாளர்கள் மாற்றித் தந்திருக்கிறார்கள்.

பெயர்கள்தான் முதலில் குழப்பும். சுடோகுவுக்கு இங்கே 'சோலோ' என்று பெயர். ஜப்பானியக் கணித ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ 2004இல் உருவாக்கிய கென்கென் இங்கே 'கீன்'. பெரிது-சிறிது குறிகளோடு வரும் ஃபுடோஷிகி 'அன்ஈக்வல்', கட்டட உயரப் புதிர் 'டவர்ஸ்', திரும்ப வரும் எண்களைக் கருப்பாக்கும் ஹிடோரி 'சிங்கிள்ஸ்', எண்ணின் அளவுக்கே கட்டங்கள் சேர்ந்த பகுதிகளாகப் பிரிக்கும் ஃபில்லோமினோ 'ஃபில்லிங்'. கூட்டுத்தொகைகளை வைத்துக் குறுக்கெழுத்து போல ஆடும் ககுரோவின் பிரியர்களுக்கு மட்டும் ஏமாற்றம், அது இல்லை.

எந்தப் புதிரும் முன்கூட்டிச் செய்து அடுக்கி வைத்ததல்ல. 'நியூ' அழுத்தும்போது நிரல் அந்த நொடியில் ஒன்றை உருவாக்கி, தானே தீர்த்துப் பார்த்து, ஒரே ஒரு விடைதான் என்று உறுதிசெய்த பிறகே தருகிறது. இரண்டு விடை உள்ள புதிரில் காரணம் சொல்லி முடிக்கவே முடியாது. எங்கோ ஓரிடத்தில் ஊகித்தே ஆக வேண்டும். கவனமில்லாமல் அச்சிட்ட மலிவுப் புத்தகங்களில் வருகிற கோளாறு இதுதான். ஆட்டக்காரர் தன்னையே நொந்துகொள்வார்; பிழை புதிரில் இருக்கும்.

நிலைகளைப் பிரித்திருக்கும் விதம் இந்தத் தொகுப்பின் பெரிய பலம். பல செயலிகளில் 'கடினம்' என்றால் கொடுத்த எண்கள் குறைவு என்றுதான் அர்த்தம். எண்ணிக்கைக்கும் கடினத்துக்கும் அவ்வளவு நேரான தொடர்பு கிடையாது. சுடோகுவுக்குக் குறைந்தது 17 எண்கள் வேண்டும், 16 இருந்தால் ஒற்றை விடை அமையாது என்று 2012இல் கணினி கொண்டு நிறுவியிருக்கிறார்கள். ஆனால் 17 எண் புதிர்களிலேயே எளிதாக முடிகிறவை நிறைய உண்டு. சோலோ பார்ப்பது எந்த உத்தி தேவைப்படுகிறது என்பதை. 'ட்ரிவியல்' என்றால் ஒரு 3×3 பெட்டிக்குள் ஓர் எண் உட்கார ஒரே இடம் இருப்பதைக் கண்டால் போதும். 'பேசிக்' நிலையில் அதையே கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் தேட வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரே எண் மிஞ்சுவதையும் பார்க்க வேண்டும். 'இன்டர்மீடியட்' நிலையில் பெட்டியும் வரிசையும் வெட்டிக்கொள்ளும் இடம் வேலைக்கு வருகிறது. ஒரு பெட்டியில் 6 வரக்கூடிய கட்டங்கள் எல்லாம் ஒரே கிடைவரிசையில் இருந்தால், அந்த வரிசையில் பெட்டிக்கு வெளியே எங்கும் 6 வராது. 'அட்வான்ஸ்டு' நிலைக்கு இணைகளும் (இரண்டு கட்டங்களுக்கு இரண்டே எண்கள் மிஞ்சுவது) மும்மைகளும் (மூன்று கட்டங்களுக்கு மூன்றே எண்கள் மிஞ்சுவது) தெரிய வேண்டும்.

மும்மையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று கட்டங்களிலும் மூன்று எண்களுமே சாத்தியமாக இருந்தால்தான் மும்மை என்று நினைத்துத் தேடுவார்கள். ஒரே வரிசையில் ஒரு கட்டத்தில் 2, 5, இன்னொன்றில் 5, 8, மூன்றாவதில் 2, 8 என்று இருந்தாலும் அது மும்மைதான். மூன்று கட்டம், மூன்று எண். வரிசையின் மற்ற கட்டங்களிலிருந்து 2, 5, 8 மூன்றையும் அடித்துவிடலாம்.

அதற்கு மேலே 'எக்ஸ்ட்ரீம்', எண்களைச் சங்கிலியாகக் கோத்துப் பார்க்கிறவர்களுக்கு. கடைசி நிலையின் பெயரே 'அன்ரீசனபிள்': ஓர் எண்ணை வைத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திரும்பி வர வேண்டியிருக்கும். இதைப் பெயரிலேயே சொல்லிவிடும் நேர்மை பாராட்டுக்குரியது. பழகும் நாட்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கணக்குப் பழக்கமும் சேர்ந்து வர வேண்டுமென்றால் சுடோகுவைவிடக் கீன் நல்லது. சுடோகுவில் எண்கள் வெறும் அடையாளங்கள். எண்களுக்குப் பதில் ஒன்பது பழங்களை வைத்தாலும் ஆட்டம் மாறாது. கீனில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் நிஜமாக ஓடுகின்றன. சுடோகு போலவே எந்த வரிசையிலும் ஓர் எண் ஒரு முறைதான் வரும். தடித்த கோட்டுக்குள் சேர்ந்திருக்கும் கட்டங்கள் ஒரு 'கூண்டு'; அதிலுள்ள எண்களைக் குறித்த கணக்குப்படி போட்டால் குறித்த விடை வர வேண்டும். 1 முதல் 6 வரை எண்கள் வரும் 6×6 கட்டத்தில் ஒரு கிடைவரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டிரண்டு கட்டங்களாக மூன்று கூண்டுகள்: 11+, 2÷, 1−. முதல் கூண்டில் 5, 6 தவிர வழியில்லை. வகுத்தால் 2 வரும் இணைகள் 1-2, 2-4, 3-6. ஆறு ஏற்கெனவே போய்விட்டதால் 3-6 கிடையாது; மிஞ்சிய இரண்டிலும் 2 இருப்பதால் 2 இந்தக் கூண்டில்தான். இப்போது மூன்றாவது கூண்டுக்கு 3 கட்டாயம், கூட வருவது 1 அல்லது 4. 3-1 என்றால் வித்தியாசம் 2 ஆகிவிடும், ஆகவே 3-4. அப்படியானால் வகுத்தல் கூண்டில் 1-2. ஒரு கட்டம்கூட நிரப்பாமலே ஆறு எண்களும் எந்தெந்தக் கூண்டில் என்று முடிவாகிவிட்டது. இதை மனசுக்குள் பிடித்துவைத்துக்கொண்டு நெடுவரிசையைப் பார்க்கப் போகிறோமே, மூளைக்கு வேலை கிடைப்பது அங்கேதான்.

4×4இல் தொடங்கி, 5×5இல் நன்றாக ஊறிய பிறகு 6×6க்குப் போகலாம். பெருக்கலை மட்டும் வைத்து ஆடும் தேர்வும் உண்டு. வாய்ப்பாடு படிக்கும் குழந்தைகளுக்கு அது அருமையாகப் பொருந்தும்.

சோலோவுக்குள்ளேயே கில்லர் சுடோகுவும், அதாவது கூண்டுகளின் கூட்டுத்தொகையைத் தரும் சுடோகுவும், இருக்கிறது. அதற்குச் சில கூட்டுத்தொகைகளை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. இரண்டு கட்டத்துக்கு 3 என்றால் 1-2, 4 என்றால் 1-3, 16 என்றால் 7-9, 17 என்றால் 8-9. மூன்று கட்டத்துக்கு 6, 7, 23, 24 ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு சேர்க்கைதான்: 1-2-3, 1-2-4, 6-8-9, 7-8-9. எந்த வரிசையை, எந்தப் பெட்டியைக் கூட்டினாலும் 45. ஒரு பெட்டிக்குள் முழுசாக அடங்கிய கூண்டுகள் போக ஒரே கட்டம் மிஞ்சினால், அவற்றைக் கூட்டி 45இலிருந்து கழித்தால் அந்தக் கட்டத்தின் எண் கையில் வந்து விழும்.

இனி, தவறு நடக்கும் இடங்கள். ஒரே வரிசையில் ஓர் எண் இரண்டு முறை வந்தால் சோலோ அதைச் சிவப்பில் காட்டும். ஆனால் நீங்கள் வைத்தது விடையோடு ஒப்பிடப்படுவதில்லை. மோதாத தப்பு எண் அமைதியாக உட்கார்ந்திருக்கும். இருபது கட்டம் தாண்டித்தான் சிவப்பு தெரியும். சிவப்பாகத் தெரியும் எண்ணை மாற்றிச் சரிசெய்யப் பார்ப்பது வீண். மூலத் தப்பு எங்கோ பின்னால் இருக்கும். எங்கே ஊகித்தோம் என்று நினைவிருந்தால் 'அன்டு' அழுத்தி அங்கே வரை பின்வாங்கலாம்; அதற்கு வரம்பில்லை. நினைவில்லையென்றால் 'ரீஸ்டார்ட்' செய்வதே நல்லது.

இரண்டாவது, பென்சில் குறிப்பு. கட்டத்தை வலது சொடுக்கிட்டு எண்ணைத் தட்டினால் சின்னதாக விழும். 'எம்' விசையை அழுத்தினால் எல்லா வெற்றுக் கட்டங்களிலும் எல்லா எண்களும் ஒரே அடியில் குறிப்பாக நிரம்பும். ஆசையாக இருக்கும், செய்யாதீர்கள். குப்பையில் ஊசி தேடுவது போலாகிவிடும். ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்கு இரண்டே இடம்தான் என்றால் மட்டும் குறித்து வையுங்கள். பக்கம் சுத்தமாக இருக்கும்; மேலே சொன்ன வெட்டும் உத்தியும் கண்ணுக்குத் தானே தட்டுப்படும்.

குறைகளும் இருக்கின்றன. அடுத்த அடி என்ன, ஏன் என்று சொல்லித்தரும் வசதி இல்லை. 'சால்வ்' அழுத்தினால் முழு விடையும் கொட்டிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் எங்காவது சிக்கினால் தனியே தவிப்பார். தோற்றம் பழையது, கட்டங்கள் வறட்சியாக இருக்கும். உலாவியில் ஆடுகிறவர்கள் சேமிக்காமல் சாளரத்தை மூடாதீர்கள். திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் விண்டோஸ் பதிப்பிலிருந்து பல புதிர்களைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். கண்ணுக்கும் நல்லது, பென்சில் பிடிக்கிற சுகமும் கிடைக்கும்.

மூளைக்கு நல்லதா என்ற கேள்விக்கு வருவோம். எக்ஸிடர் பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் 50 வயதைக் கடந்த 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், எண் புதிர்களை அடிக்கடி போடுகிறவர்கள் கவனம், நினைவு, தர்க்கச் சோதனைகளில் மேலாக இருந்தார்கள். புதிர் போட்டதால் மேலானார்களா, மேலானவர்கள் புதிரை விரும்பினார்களா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. 1936இல் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்து ஸ்காட்லாந்தில் செய்த ஆய்வு, 2018இல் வெளிவந்தது, இன்னும் தெளிவானது: மூளைக்கு வேலை கொடுக்கும் பழக்கம் வயதோடு வரும் சரிவின் வேகத்தைக் குறைக்கவில்லை, ஆனால் சரிவு உயரமான இடத்திலிருந்து தொடங்கியது. மறதி நோய் வராமல் தடுக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த மூளைப் பயிற்சி விளையாட்டு நிறுவனமான லுமாசிட்டி 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. டேத்தமின் தொகுப்பு அப்படி எந்த வாக்கும் கொடுப்பதில்லை. அதன் மேல் மதிப்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உறுதியாகச் சொல்லக்கூடிய பலன் ஆட்டத்துக்குள்ளேயே தெரியும். ஒரு மாதம் விடாமல் போட்டால் மூன்று நான்கு சாத்தியங்களைத் தலைக்குள் சேர்த்துப் பிடித்துவைக்க வரும். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் சேர்க்கைகள் தோன்றும். தெரியாத இடத்தில் அவசரப்படாமல் வேறிடம் பார்க்கப் பழகும். நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஒரு நிலையில் பத்துப் புதிரை ஊகமே இல்லாமல் முடித்த பிறகு அடுத்ததற்கு ஏறுங்கள். சிக்கினால் மூடிவிட்டு மறுநாள் திறங்கள். முந்தின நாள் கண்ணில் படாத ஒரு 7 பல நேரம் எதிரிலேயே நிற்கும்.

வீட்டில் இன்னொருவருக்கும் ஆர்வமிருந்தால், ஒவ்வொரு புதிருக்கும் உள்ள அடையாளக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். உலாவிப் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். அதை அனுப்பினால் அவர் திரையிலும் அதே கட்டம் வரும். தனித்தனியே முடித்துவிட்டு, முதல் எண்ணை எங்கே வைத்தீர்கள், ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள்.