ஆர்செட்டி இலவசத் தொழிற்பயிற்சி: எது நன்று, எங்கே சறுக்கும்?

பத்தாவதோடு படிப்பு நின்றுபோன, கையில் முதலும் இல்லாத கிராமத்துப் பிள்ளைகளை ஒரு தொழில் கற்க எங்கே அனுப்பலாம் என்று கேட்டால், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தைத்தான் முதலில் சொல்வோம். அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் ஆர்செட்டி (RSETI). 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முறைதான் இதற்கு மூலம். இன்று மாவட்டத்துக்கு ஒன்று என முன்னோடி வங்கிகள் (அந்தந்த மாவட்டத்தின் வங்கிச் சேவையை ஒருங்கிணைக்கும் வங்கிகள்) நடத்துகின்றன. கோவையில் கனரா வங்கி, சேலம், தருமபுரியில் இந்தியன் வங்கி, தஞ்சாவூர், திருச்சியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி.

கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம் இலவசம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல்வரம்பு 45 (சில அறிவிப்புகளில் 50). காளான், ஆடு வளர்ப்பு 10 நாள். சிசிடிவி பொருத்துவது 13 நாள். தையல், செல்போன் பழுது, டூவீலர் மெக்கானிக் ஆகியவை ஏறத்தாழ ஒரு மாதம். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், போட்டோ எடுத்துப் போனால் பதிவுக்குப் போதும். 100 நாள் வேலை அட்டையோ, வீட்டில் யாராவது மகளிர் குழுவில் இருப்பதற்கான சான்றோ இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். வறுமைக்கோட்டுக் குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டு.

ஆனால் உதவித்தொகை கிடையாது. கூலிக்குப் போகும் பையனுக்கு 30 நாள் பயிற்சி என்றால் 30 நாள் கூலி போச்சு. பாதியில் நின்றுவிடும் பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுவதில் அர்த்தமே இல்லை; வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அறுவடை, கரும்பு வெட்டு, திருவிழா வேலை இல்லாத மாதமாகப் பார்த்துச் சேர்ப்பதுதான் வழி.

முதல் சில நாள் தொழில் பேச்சே அதிகம் இருக்காது. கண்ணைக் கட்டி, பழக்கமில்லாத கையால் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்வார்கள். எத்தனை அடுக்குவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருபது என்று வீம்புக்குச் சொன்னவர் ஏழில் சரித்துவிடுவார்; எட்டு என்று சொன்னவர் எட்டையும் நிறுத்துவார். இதைப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்துத் தாமதமாகப் போய்ச் சேராதீர்கள். எவ்வளவு கடன் கேட்பது, மாதம் எவ்வளவு தவணை தாங்கும் என்ற கணக்கெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

தொழில் வகுப்பின் தரம் பயிற்றுநரையும் கருவிகளையும் பொறுத்தது. சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள். தையலுக்கு 35 பேர் என்றால் மெஷின் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு மெஷினுக்கு மூன்று பேர் என்றால் கை பழகாது. வெட்டும் பாடத்திலும் கவனம் வேண்டும்: லைனிங் துணியை நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகு வெட்டச் சொல்லித் தருகிறார்களா? அப்படியே வெட்டினால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி பிளவுஸ் அக்குளில் இழுக்கும். அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

டூவீலர் வகுப்புக்கு ஒரே கேள்வி: பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி இருக்கிறதா? 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, எரிபொருளை இன்ஜெக்டர் தெளிக்கிறது. இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டிக் கோளாறு எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் கழுவவும் பிளக் இடைவெளி சரிசெய்யவும் மட்டும் கற்று வந்தவர், பழைய வண்டிகளை நம்பியே கடை போட வேண்டியிருக்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது சான்றிதழ் வாங்கியதற்கும் கடன் கைக்கு வருவதற்கும் இடையில்தான். சான்றிதழை வைத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்தால் கற்றது மறந்துபோகும், பையன் பழைய கூலி வேலைக்கே போய்விடுவான். அதனால் பயிற்சி நடக்கும்போதே கடைசி வாரத்துக்குள் இவற்றைத் தயார் செய்யுங்கள்: ஜிஎஸ்டி எண் உள்ள கடையின் கொட்டேஷன் (வாங்கப்போகும் கருவிகளின் விலைத்தாள்), திட்ட அறிக்கை (நிலையத்திலேயே எழுத உதவுவார்கள்), உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு). உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆயிரம், ஐந்நூறு கேட்கும் தரகரிடம் போக வேண்டாம். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடனில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை, வங்கி பிணை கேட்கக் கூடாது. ஒரு தையல் மெஷின், ஓவர்லாக், இஸ்திரிப் பெட்டிக்கு அது போதும். எட்டாவது தேறியவர்கள் பெரிதாகச் செய்ய நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் 25 சதவீத மானியம் தரும் மாநிலத் திட்டத்தையும் விசாரியுங்கள்.

செல்போன் ஆப் கடன் கட்டாமல் விட்டிருந்தால் சிபிலில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவில்) அது நிற்கும். 3,000 ரூபாய் பாக்கிக்காக 50,000 கடன் நின்றுபோகும். சேரும் முன்பே பார்த்து, அடைத்து, முடித்ததற்கான கடிதம் வாங்கிவிடுங்கள்.

பயிற்சி முடிந்தும் 2 ஆண்டுகள் பின்தொடர்வது நிலையத்தின் கடமை. இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்ததும், பிள்ளைகள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் இதுதான். செல்போன் எண் மாறினால் நிலையத்தில் உடனே சொல்லுங்கள், பின்தொடர்பு அங்கேதான் அறுந்துபோகிறது. வங்கிக் கிளையில் விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால் தனியாக நடையாய் நடக்காமல், விண்ணப்ப எண்ணோடு நிலைய இயக்குநரிடம் போங்கள். அவரும் வங்கிக்காரர்தான், எந்த மேசையில் தாள் தேங்கும் என்பது அவருக்குத் தெரியும்.