கன்றுக்கும் குஞ்சுக்கும் மோர்: 5 வருட அனுபவம்

பாலக்கோடு பக்கம் 4 கறவை மாடும் கொஞ்சம் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறோம். பிறந்து ஒரு வாரம், 10 நாளில் கன்றுக்குக் கழிச்சல் பிடித்து, வாலெல்லாம் சாணி அப்பி, கண் குழிவிழுந்து படுத்துவிடும். அப்படி ஒரு கிடேரிக் கன்று போன பிறகுதான், "மோரு ஊத்திப் பாரு கண்ணு" என்று பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி சொன்னதைக் காதில் வாங்கினேன்.

சீம்பாலுக்கு மோர் ஈடாகாது. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் கன்றின் வயிற்றுக்குப் போயாக வேண்டும். நான்காம் நாளிலிருந்து, முந்தின இரவு உறை ஊற்றிய தயிர் 2 கரண்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கடைந்து, உப்பில்லாமல் ஒரு டம்ளர் கொடுக்கிறேன். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் புரையேறிவிடும். விரலை மோரில் நனைத்துச் சப்பக் கொடுத்து, அப்படியே கையைக் கிண்ணத்துக்குள் இறக்கினால் இரண்டு நாளில் தானே குடிக்கப் பழகிவிடும்.

பிறந்த கன்றின் குடலில் நல்ல கிருமிகள் இன்னும் குடியேறி முடிந்திருக்காது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, முதலில் வருவது எதுவோ அது உட்கார்ந்துகொள்ளும். மோரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல கிருமிகள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். அந்தப் புளிப்பில், கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை கிருமி தழைக்காது. 1973-இல் பின்லாந்தில் நுர்மி, ரன்டாலா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வளர்ந்த கோழியின் குடலிலிருந்த கிருமிகளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து, சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியை ஒட்டவிடாமல் தடுத்துக் காட்டினார்கள். அங்கே கொடுத்தது மோர் இல்லை, ஆனால் இடம் பிடிக்கிற கணக்கு அதேதான்.

இதுவரை 11 கன்றுகள். மூன்றுக்குக் கழிச்சல் வந்தது, ஒன்றும் சாகவில்லை. அதே சமயம் கொட்டகைத் தரையையும் ஈரமில்லாமல் வைக்க ஆரம்பித்தோம், அதனால் முழுப் பெயரையும் மோருக்கே கொடுக்க மாட்டேன்.

ஒரு தப்பும் செய்தேன். குஞ்சுகளுக்குத் துத்தநாகம் பூசிய தகரத் தட்டில் மோர் வைத்ததில் நாலைந்து சுருண்டுவிட்டன. புளிப்பு பட்டால் அந்தப் பூச்சு கரைந்து விஷமாகும் என்று டாக்டர் சொன்னார். இப்போது மண்சட்டிதான், அதையும் மாலையில் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அப்புறம், கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய். அதற்குத் தடுப்பூசிதான், மோர் அங்கே செல்லாது. கன்றின் கழிச்சலில் ரத்தம் தெரிந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ மோரை நம்பி உட்கார்ந்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போதிருக்கும் கன்றுக்கு 16 நாள். கிண்ணச் சத்தம் கேட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிறது. இன்று காலை போட்ட சாணி கெட்டியாக, மஞ்சளாக இருந்தது.