ஜெய்ப்பூரில் தோழிகள், கொல்கத்தாவில் குடும்பம்: ஒரே விடுமுறை, இரண்டு ஊர்

டெல்லியில் முதுகலை படிக்கிறேன். டிசம்பரில் பருவத் தேர்வு முடிந்ததும் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே விடுமுறை. திண்டுக்கல்லில் அப்பா அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியார், தம்பி ஒன்பதாம் வகுப்பு. அவர்களுக்கு அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டித்தான் தொடங்கும். அதனால் முதல் பாதி தோழிகளோடு ஜெய்ப்பூர், பின்பாதி வீட்டாரோடு கொல்கத்தா என்று முடிவானது.

திரும்பி வந்ததிலிருந்து விடுதியில் ஒரே கேள்வி: "ரெண்டுல எதுக்குடி போகலாம்?" யாரோடு போகிறாய், அவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நாடு முழுக்க ஒரே கடிகாரம் ஓடினாலும் டிசம்பர் கடைசியில் ஜெய்ப்பூரில் சூரியன் எழ ஏழு மணி தாண்டிவிடும். மாலை ஐந்தரை வரை வெளிச்சம் இருக்கும். கொல்கத்தாவில் ஆறேகாலுக்கே விடிந்துவிடும். ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போயே போச்சு. பத்து மணிக்குக் கண் விழிக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஜெய்ப்பூர் ஒத்துப்போகும். நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு மற்றவர்களை முறைக்கிற அப்பாக்களுக்குக் கொல்கத்தாதான்.

போய்ச் சேர்வது

டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ரயிலில் நாலரை, ஐந்து மணி நேரம். கொறிக்க வாங்கியது தீர்வதற்குள் இறங்கிவிடலாம். கொல்கத்தா அப்படியில்லை. டெல்லியிலிருந்து 1,450 கிலோமீட்டர், அதுவும் கங்கைச் சமவெளி நெடுக. டிசம்பர் பின்பாதியில் அந்தப் பாதையில் பனிமூட்டம் இறங்கினால் ரயில் எப்போது வரும் என்பது ரயிலுக்கே தெரியாது. என் வண்டி ஏழு மணி நேரம் தாமதம். சென்னையிலிருந்து கிளம்பிய வீட்டார் 1,660 கிலோமீட்டர் கடந்து, ஒரு முழு நாளுக்கு மேல் ரயிலிலேயே கிடந்தும், எனக்கு முன்னால் கொல்கத்தாவின் ஹவுரா ரயில் நிலையத்தில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரையை ஒட்டி வரும் வண்டிகளுக்கு இந்தப் பனித் தொல்லை குறைவு. டெல்லியிலிருந்து கொல்கத்தா போகிறவர்கள் முதல் நாளுக்கென்று எதையும் திட்டமிடாமல் விட்டுவிடுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை கொல்கத்தா சாது. ஒரு ஸ்வெட்டர் போதும், அதையும் மதியம் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ஜெய்ப்பூரில் பகல் இதமாக இருக்கிறதே என்று நம்பி ஏமாந்தோம். ராத்திரியில் பத்து டிகிரிக்கும் கீழே போய்விட்டது. நாங்கள் நால்வர் தங்கிய இடத்தில், முன்பதிவுப் படத்தில் இருந்த ஹீட்டர் அறையில் இல்லை. கேட்டால், "அது வேற ரூம் போட்டோ" என்றார்கள். இரண்டு கட்டில்களை ஒட்டிப்போட்டு நான்கு பேரும் படுத்தோம். அந்த ராத்திரியை இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். இதே அறையில் அம்மாவும் அப்பாவும் இருந்திருந்தால் யார் சிரித்திருப்பார்கள்?

பார்ப்பதற்கு

ஜெய்ப்பூர் மேலே ஏறிப் பார்க்கிற ஊர். ஆமேர் கோட்டை ஏற்றம், ஜெய்கட் அதற்கும் மேலே, நாகர்கட் இன்னொரு மலைமுகடு. ஜெய்கட்டில் சக்கரங்களின் மேல் நிற்கிற ஜெய்வாண பீரங்கியை 1720-இல் வார்த்தார்களாம். அதன் முன்னால் நின்று எடுத்த செல்ஃபியில் பீரங்கியைத் தவிர எல்லாம் இருக்கிறது. ஹவா மகாலில் 953 சிறு ஜன்னல்கள். 1799-இல் கட்டியது. வெளியே சாலையில் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். உள்ளே போனால்தான் அது ஒரு திரைச்சுவர் மாதிரி எவ்வளவு மெலிதானது என்று தெரிகிறது. ராஜஸ்தான் அரசு நடத்தும் இடங்களில் மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு, அடையாள அட்டை அசலாக வேண்டும். எங்களில் ஒருத்தி அதை விடுதி மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தாள். மூன்று நாளும் அவளுக்கு முழு டிக்கெட், எங்களுக்கு முழு பொழுதுபோக்கு.

இந்த ஏற்றத்தைத்தான் குடும்பத்தோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆமேர் வாசல்வரை ஜீப்பில் போகலாம்தான். ஆனால் உள்ளேயும் படி, அதற்கு உள்ளேயும் படி. கொல்கத்தா ஒரே சமதரை. மெட்ரோ, படகு, மஞ்சள் டாக்சி என்று உட்கார்ந்துகொண்டே ஊரைப் பார்க்கலாம். அம்பாசடர் காரைக் கண்டதும் அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. 2014-இல் அந்தக் கார் தயாரிப்பு நின்றது. அது பிறந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையும் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மஞ்சள் டாக்சிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன, போகிறவர்கள் சீக்கிரம் போங்கள். கை ரிக்‌ஷாவையும் பார்த்தோம். ஏறச் சொன்னபோது அம்மா ஏறவில்லை. "மனுஷன் இழுக்கிற வண்டியில நான் உக்கார மாட்டேன்" என்றதோடு சரி.

மெட்ரோ விஷயத்தில் போட்டியே கிடையாது. நாட்டில் முதல் மெட்ரோ கொல்கத்தாவில் ஓடியது, 1984-இல். 2024-இலிருந்து ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் ஓடுகிறது. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம்தான் ஆகிறது. நீலநிற விளக்கு ஜன்னலில் ஓடும், அதற்குள் முடிந்துவிடும். தம்பி அதற்காகவே நான்கு முறை போய்வந்தான்.

அருங்காட்சியகத்தில் ஒரு வேடிக்கை. இரண்டு ஊரிலும் ஆளுக்கொரு எகிப்திய மம்மி இருக்கிறது. ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹாலில் இருப்பது 2020 ஆகஸ்ட் மழையில் வெள்ளம் புகுந்தபோது கண்ணாடிப் பெட்டியை உடைத்துக் காப்பாற்றப்பட்ட மம்மி. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் நனையாமல் இருந்துவிட்டு, ஜெய்ப்பூர் மாதிரி வறண்ட ஊரில் வந்து நனையப் பார்த்திருக்கிறது. கொல்கத்தா மம்மி இருப்பது இந்திய அருங்காட்சியகத்தில். 1814-இல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்தது. அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஆல்பர்ட் ஹாலுக்கு ஒரு மணி நேரம் போதும். கொல்கத்தாவில் இந்த அருங்காட்சியகத்துக்கும் விக்டோரியா மெமோரியலுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வந்து பூட்டிய கேட் முன்னால் நின்ற ஒரு மதுரைக் குடும்பத்தை டாக்சியில் போகும்போது பார்த்தோம்.

எதிரெதிர்த் திசையில் இருந்தாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிய ஊர்கள். 1727-இல் ஜெய்சிங் மன்னர் ஜெய்ப்பூரைக் கட்டியபோது தெருக்களை நேர்நேராக வகுத்துக்கொடுத்த வித்யாதர் பட்டாச்சார்யா ஒரு வங்காளி. 1921-இல் திறந்த விக்டோரியா மெமோரியலின் வெள்ளைப் பளிங்கு, தாஜ் மகாலுக்குப் போன அதே ராஜஸ்தான் மக்ரானாக் கல். 1876-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா சுற்றியபோது ஜனவரி முதல் தேதி கொல்கத்தாவில் அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையைத் திறந்தார். அடுத்த மாதம் ஜெய்ப்பூர் போனார். அவர் வருகிறார் என்று ஊரையே பூசிய சாயம்தான் அந்தப் பிங்க் நிறம் என்கிறார்கள். நேரில் பார்த்தால் பிங்க் இல்லை, நம்மூர்க் காவிக்குப் பக்கம்.

சாப்பாடு

ஜெய்ப்பூரில் சைவம் சாப்பிடுகிறவர்கள் ராஜா. காலையில் வெங்காயக் கச்சோரி, மதியம் நெய்யில் மிதக்கிற தால் பாட்டி சூர்மா, எம்.ஐ. ரோட்டில் மண் குவளையில் லஸ்ஸி. இருபது வயது வயிறு எல்லாவற்றையும் தாங்கியது. மூன்றாம் நாள் ஒரு தட்டு ரசம் சாதத்துக்கு ஏங்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

கொல்கத்தாவில் அம்மாவுக்கு முதல் எதிரி கடுகெண்ணெய். தெருவுக்குத் தெரு அந்த வாசனை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே நடந்தார். இரண்டாம் நாள் லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற பகுதி. வாழையிலை, கறிவேப்பிலை, காபித்தூள், இட்லிக் கடை எல்லாம் அங்கே உண்டு. ஒரு பில்டர் காபி உள்ளே போனதும் அம்மா கொல்கத்தாவை மன்னித்துவிட்டார்.

அப்புறம் வந்தது நொலேன் குர். குளிர்காலத்தில் மட்டும் ஈச்சமரத்தைச் சீவி, ராத்திரி முழுக்கப் பானையில் சொட்டுகிற பதநீரைக் காய்ச்சி எடுக்கிற வெல்லம். அதைப் போட்டுச் செய்த சந்தேஷ் என்கிற பால் இனிப்பு வெளிறிய பழுப்பில் இருக்கும். வாயில் வைத்ததும் முதலில் புகை வாசனை, அப்புறம்தான் இனிப்பு. அம்மா கண்ணை மூடிச் சுவைத்துவிட்டு, "நம்ம கருப்பட்டிக்குத் தங்கச்சி முறை ஆகணும்" என்றார். டிசம்பரில் கொல்கத்தா போக இது ஒன்றே போதுமான காரணம் என்பது என் கட்சி. ஜெய்ப்பூர் இனிப்பான கேவரும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு உண்மையான பருவம் மழைக்காலம்.

கிறிஸ்துமஸ் ராத்திரி பார்க் ஸ்ட்ரீட் விளக்கு அலங்காரத்தைப் பார்க்கப் போனதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம். தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அங்கே தோழிகளோடு போயிருக்க வேண்டும்.

மாற்றிப் போட்டிருக்கலாமோ

இதுவரை படித்தால் சரியான ஆட்களோடு சரியான ஊருக்குப் போனதாகத் தோன்றும். ஒரு இடத்தில் மட்டும் கணக்குத் தப்பிவிட்டது.

ஜெய்ப்பூரின் பழைய வானாய்வுக்கூடமான ஜந்தர் மந்தரில் சாம்ராட் யந்திரம் என்று ஒரு சூரியக் கடிகாரம். 27 மீட்டர் உயரம். அதன் நிழல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. பளிங்கு விளிம்பில் நிழலின் நுனியில் விரலை வைத்தேன். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் நிழல் விரலைத் தாண்டி நாலு விரல்கடை போயிருந்தது. ஆனால் அது காட்டிய நேரம் என் போனைவிட ஏறக்குறைய 25 நிமிடம் பின்னால். தோழிகள் வாசலில் நின்று, "வாடி, லஸ்ஸி தீர்ந்துடும்" என்று கத்துகிறார்கள். நான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குப்பா. ஜெய்ப்பூர் 75.8. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். 27 நிமிஷம் வரணும்."

"25தான் வருது."

"மிச்ச ரெண்டு பூமி ஓடுற வேகத்துல ஏறி இறங்குறது. தேதியைப் பொறுத்து மாறும். நீ அங்கேயே இரு, அடுத்த அஞ்சு நிமிஷத்துக்கு நிழல் எவ்வளவு போகுதுன்னு அளந்து சொல்லு."

அளக்கவில்லை. லஸ்ஸிக்குப் போய்விட்டேன்.

அப்பா அதை மறக்கவில்லை. கொல்கத்தாவில் மூன்றாம் நாள் பதினொன்றரைக்கு ஆளைக் காணோம். தேடிப்போனால் லாட்ஜ் மொட்டைமாடியில் இருக்கிறார். தண்ணீர் பாட்டிலை நிறுத்தி, சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற சாக்பீஸ் துண்டால் அதன் நிழல் நுனியைத் தரையில் குறித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் புள்ளிகள். "இங்க 88.36 டிகிரி. உச்சி வேளை 11:36-ஐ ஒட்டி வரணும். உன் ஜெய்ப்பூருக்கும் இதுக்கும் 50 நிமிஷ வித்தியாசம், ஒரே நாட்டுக்குள்ள!" கொல்கத்தா 1948 வரைக்கும் தனக்கென்று தனி நேரம் வைத்திருந்தது என்று சொன்னேன். "வச்சிருக்கத்தான் செய்வான்" என்றார். அந்த மனிதரை விட்டுவிட்டு, லஸ்ஸி தீர்ந்துவிடும் என்று கத்துகிறவர்களைச் சாம்ராட் யந்திரத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

ஆகவே என் பரிந்துரையில் ஒரு திருத்தம். தோழிகளோடு போகிறவர்கள் ஜெய்ப்பூரை எடுங்கள். முழங்கால் வலிக்காரர்கள், நொறுக்குத்தீனிப் பிரியர்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டார் கொல்கத்தாவை எடுங்கள். வீட்டில் கணக்கு வாத்தியார் இருந்தால் மட்டும் ஜெய்ப்பூரில் ஒரு நாளாவது அவருக்கு. ஜந்தர் மந்தர் சமதரையில்தான் இருக்கிறது.

கடைசி நாள் காலை ஹவுரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போனோம். 1943-இல் திறந்த பாலம். நட்டு போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே பூட்டியது என்று அப்பா தம்பிக்குப் பாடம் நடத்த, அம்மா கீழே செண்டுமல்லிக் குவியலுக்குள் இறங்கிவிட்டார். தலைமேல் மாலைச் சுருள்களை அடுக்கிக்கொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள், தரையெல்லாம் சேறும் இதழும். திண்டுக்கல் பூச்சந்தையில் வளர்ந்த அம்மா ஒரு சரத்தைக் கையில் தூக்கி எடை பார்த்து, கட்டு தளர்ச்சி என்று சொல்லித் திருப்பி வைத்தார். "இவ்வளவு பூ இருக்கு, முழம் போட்டுத் தலையில வைக்க ஒரு மல்லி இல்லையே."

மார்கழியில் நம்மூரிலும் மல்லி அரிதுதானே, விலையைக் கேட்டால் தலை சுற்றுமே என்றேன்.

"அடுத்த வருஷம் அப்பாவைக் கூட்டிட்டு ஜெய்ப்பூர் போறதா பேச்சு அடிபடுதே. அங்க பூ கிடைக்குமா?"

ஹவா மகாலுக்குப் பக்கத்தில் படீ சௌபட் நாற்சந்தியில் பூ விற்பார்கள் என்றேன். காலைச் சந்தை எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.