பழைய பேர்ட் 43 வாட் மீட்டர்: எந்தப் பாகம் சேரும், எது ஏமாற்றும்

டிரான்ஸ்மிட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே வைத்துப் பவர் பார்க்கும் மீட்டர்களில், பேர்ட் 43 போல வயதாகியும் வேலையில் இருப்பவை மிகக் குறைவு. உள்ளே இருப்பது 50 ஓம் லைன் ஒன்று, அதன் நடுவில் ஒரு குழி, குழியில் செருகும் எலிமென்ட் (லைனில் போகும் பவரை உணரும் பாகம்), 30 மைக்ரோஆம்பியர் முள் மீட்டர். அவ்வளவுதான். பேட்டரியே வேண்டாம். எல்லாமே தனித்தனியாகக் கழன்று வரும் என்பதால் பழையதை வாங்கிச் சீர்செய்வது எளிது. தாராளமாக வாங்கலாம். ஆனால் பாகம் குழியில் உட்கார்ந்துவிட்டாலே அளவும் சரியாக வரும் என்று நம்பிவிடக் கூடாது. வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் எலிமென்ட். ஸ்லக் என்றும் சொல்வார்கள். மீட்டரின் உயிரே இதுதான். துல்லியம் பெட்டியில் இல்லை, எலிமென்ட்டில்தான் இருக்கிறது. எலிமென்ட்டின் பெயரில் உள்ள எண் முழு ஸ்கேல் வாட், எழுத்து அலைவரிசை. ஹெச் என்றால் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ், ஏ 25–60, பி 50–125, சி 100–250, டி 200–500, இ 400–1000. ஆக 144 மெகாஹெர்ட்ஸில் 50 வாட் ரேடியோவுக்கு 50சி அல்லது 100சி வேண்டும். அதே இடத்தில் 100ஹெச் போட்டாலும் முள் அசையும். காட்டும் எண்ணுக்கு மட்டும் அர்த்தம் இருக்காது.

வாட் அளவைத் தேர்வதிலும் கவனம் தேவை. துல்லியம் முழு ஸ்கேலில் ±5 சதவீதம். 100 வாட் எலிமென்ட்டில் 20 வாட் பார்த்தால் பிழை ±5 வாட், அதாவது காட்டும் அளவில் கால் பங்கு. 5 வாட் கைரேடியோவுக்கு 100சி வாங்குவது வீண் செலவு. மீட்டரில் 25, 50, 100 என்று மூன்று ஸ்கேல்கள் உண்டு. எலிமென்ட்டின் எண்ணுக்கு ஏற்றதைப் பார்த்து, பத்தாலோ நூறாலோ பெருக்கியோ வகுத்தோ படிக்க வேண்டும்.

வேறு கம்பெனி எலிமென்ட் சேருமா? கோஆக்சியல் டைனமிக்ஸின் 81000-ஏ மீட்டருக்கான எலிமென்ட்கள் பேர்ட் 43-ல் சேரும், இதிலிருந்து அதற்கும் போகும். உச்சப் பவரையும் (பீக்) காட்டும் பேர்ட் 43P மாடலுக்கும் இதே எலிமென்ட்கள்தான். ஆனால் அதே பேர்ட் கம்பெனியின் 4410 வரிசை எலிமென்ட்களும் ஏபிஎம்-16 எலிமென்ட்களும் 43-க்கு ஆகாது. அவை வேறு மீட்டர் சர்க்யூட்டுக்காகச் செய்தவை. ஒலிபரப்பு நிலையங்களின் பெரிய விட்டமுள்ள லைன்களுக்கு அளவீடு செய்த எலிமென்ட்களும் பழைய சரக்கோடு கலந்து வரும். லைன் மாறினால் அளவீடும் போயிற்று. லேபிளை முழுசாகப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய எலிமென்ட்டைச் சோதிக்க நல்ல 50 ஓம் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கி வெப்பமாக்கும் ரெசிஸ்டர்) ஒன்று போதும். எலிமென்ட்டின் மேலுள்ள அம்புக்குறி லோட் பக்கம் இருக்கும்போது முள் ஏற வேண்டும். 180 டிகிரி திருப்பினால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழ வேண்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் உள்ளே ரெசிஸ்டரின் மதிப்பு மாறிவிட்டது. அந்த எலிமென்ட்டை நம்பி எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்) பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் ஒன்றுமே காட்டாவிட்டால் டயோட் போயிருக்கலாம், அல்லது தொடர்பு இல்லாமல் இருக்கலாம். டயோட்டைக் குறை சொல்லுமுன் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

குழியின் சுவரிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் நாக்கு ஒன்று எட்டிப் பார்க்கும். எலிமென்ட்டின் பக்கத்தில் உள்ள சிறிய உலோகப் பொட்டை அது தொட்டால்தான் மீட்டருக்குக் கரண்ட் போகும். நாக்கு கறுத்திருந்தாலோ, உள்ளே மடங்கியிருந்தாலோ முள் தடுமாறும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் நாக்கையும் பொட்டையும் துடையுங்கள். எலிமென்ட்டின் அடி விளிம்பையும் அது உட்காரும் இடத்தையும் விடாதீர்கள். உப்புத்தாள் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும், தொடவே வேண்டாம். நாக்கு தளர்ந்திருந்தால் மயிரிழை அளவு மட்டும் வெளியே இழுத்துவிடலாம். கூடுதலாக இழுத்தால் அடுத்த எலிமென்ட் சொருகும்போது ஒடிந்துவிடும்.

கனெக்டர்கள் இந்த மீட்டரின் மிக நல்ல அம்சம். நான்கு ஸ்க்ரூ கழற்றினால் கையோடு வரும். பாக எண்கள்: N டைப் பெண் கனெக்டர் 4240-062, எஸ்.ஓ-239 கனெக்டர் 4240-050, பி.என்.சி பெண் கனெக்டர் 4240-125. சால்டரிங் இல்லை. மாற்றும்போது நேராக இழுத்து நேராகச் சொருக வேண்டும். கோணலாகத் தள்ளினால் நடு முனை விரிந்து பிறகு தொடர்பு விட்டுவிட்டு வரும். மாட்டியதும் மல்டிமீட்டரில் இரு நடு முனைகளுக்கும் தொடர்பு இருக்கிறதா, உடலோடு ஷார்ட் இல்லையா என்று பாருங்கள். 30 மெகாஹெர்ட்ஸுக்குள் எஸ்.ஓ-239 போதும். 400-க்கு மேல் அதைப் போட்டுவிட்டு எஸ்.டபிள்யூ.ஆர். சரியில்லை என்று ஆன்டெனாவைத் திட்டுவதில் நியாயம் இல்லை. N டைப்புக்கு மாறிவிடுங்கள்.

முள் மீட்டர் கெட்டால்தான் உண்மையான தலைவலி. முழு விலகலுக்கு 30 மைக்ரோஆம்பியர், உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1400 ஓம். கையில் கிடைக்கும் 50 மைக்ரோஆம்பியர் மீட்டரைப் போட்டால் முள் ஸ்கேலில் அறுபது சதவீதத்தைத் தாண்டாது, அதை ஈடுகட்ட வழியும் இல்லை. 20 மைக்ரோஆம்பியர் மீட்டருக்கு ஷன்ட் (கரண்டில் ஒரு பங்கைத் தன் வழியே விடும் இணை ரெசிஸ்டர்) போடலாம் என்று தோன்றும். ஆனால் அதன் உள் ரெசிஸ்டன்ஸ் 2100 ஓமுக்குள் இருந்தால்தான் ஷன்ட்டோடு சேர்த்து 1400-க்குக் கொண்டுவர முடியும்; அந்த மதிப்பு மாறினால் எலிமென்ட்டின் அளவீடும் மாறும். போதாததற்கு இதன் ஸ்கேல் சம இடைவெளி கொண்டதல்ல, கீழ்ப்பகுதி நெருங்கியிருக்கும். எனவே அசல் மீட்டரையோ, இந்த மாடலுக்கென்றே விற்கும் மாற்று மீட்டரையோ தேடுவதுதான் சரி.

வாங்குமுன் முள் மீட்டரைச் சோதிக்க 1.5 வோல்ட் செல், 47 கிலோஓம் ரெசிஸ்டர், 10 கிலோஓம் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் மல்டிமீட்டர் ஆகியவற்றை அதனோடு தொடராக இணையுங்கள். பிரீசெட்டை முழு ரெசிஸ்டன்ஸில் வைத்துத் தொடங்கிக் குறைத்து வாருங்கள். மல்டிமீட்டர் 30 மைக்ரோஆம்பியர் காட்டும்போது முள் கடைசிக் கோட்டில் நிற்க வேண்டும், இறங்கும்போது எங்கும் ஒட்டக் கூடாது. மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சை நேராக வைத்துப் பார்ப்பது ஆபத்து. அதிலிருந்து வரும் கரண்டே முள்ளை வளைத்துவிடும்.

பீக் பவர் கிட் பொருத்திய 43-கள் வந்தால் முதலில் பின்பக்கத்தைத் திறந்து 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்து கசிந்த பேட்டரி போர்டையே தின்றிருக்கும்.

மில்லிவாட் அளவிடும் பழைய ஹெச்.பி. மீட்டர்களிலும் இதே கதைதான். 432ஏ-க்கு 478ஏ போன்ற தெர்மிஸ்டர் மவுன்ட் (வெப்பத்தை வைத்துப் பவரை உணரும் சென்சார்) வேண்டும். 435ஏ, 436ஏ இரண்டும் 8480 வரிசை சென்சார் கேட்கும். ஒன்றினுடையது மற்றதற்கு உதவாது. 8481ஏ அளப்பது 100 மில்லிவாட் வரை; 300-ஐத் தாண்டினால் சென்சாருக்கே ஆபத்து. 5 வாட் ரேடியோவை நேராக மாட்டாமல் நடுவில் பவரை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் 30 டெசிபல் அட்டென்யுவேட்டர் வையுங்கள், 5 மில்லிவாட்டாக வந்து சேரும்.

பேர்ட் 43-ஐ அனுப்பவோ வரவழைக்கவோ வேண்டியிருந்தால், குழியில் ஒரு எலிமென்ட்டைப் போட்டு அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி திருப்பச் சொல்லுங்கள். அந்த நிலையில் மீட்டர் ஷன்ட் ஆகி, வண்டியின் குலுக்கலில் முள் ஆடுவது அடங்கும்.